தாடி வைத்த பச்சைக்குழந்தை

மிக்கியோன் தன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவன் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அது அவனுக்குத் தெரியாது. போர்க்கப்பலில் துடுப்புப் போடப் போனவன் அவன். கப்பல் புயலில் உடைந்தது. ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்து, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு தீவில் கரை ஒதுங்கினான். அங்கே யாரோ ஒருவனுடைய ஆடுகளை மேய்த்தான். கடைசியில் உப்பு ஏற்றிவந்த ஒரு படகில் தொற்றிக்கொண்டு ஊர் திரும்பினான். வழியெல்லாம் அவனுக்கு இரண்டே நினைவுதான். ஒன்று, மனைவி மெலித்தா வைக்கும் பருப்புக் கஞ்சி. இன்னொன்று, அதைக் குடித்துவிட்டுத் தன் கட்டிலில் குப்புறப் படுப்பது.

அல்முரா சின்ன ஊர். ஏதென்ஸ் நகரத்திலிருந்து காலையில் கழுதையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஒலிவத் தோப்புகள், நடுவில் எதற்கெடுத்தாலும் கூட்டம் போட்டுக் கை தூக்கும் ஜனங்கள்.

கதவைத் தட்டினான். மெலித்தா அகப்பையும் கையுமாக வந்து திறந்தாள். அவள் அலறவில்லை. மயங்கி விழவுமில்லை. முகத்தை முன்னால் நீட்டி அவனை மோந்து பார்த்தாள்.

"பேயா இருந்தா இப்படி ஆட்டு நாத்தம் அடிக்காது," என்றாள். "யோவ்... நீதானா?"

"நான்தான் மெலித்தா. கஞ்சி இருக்கா?"

அந்த ஒரு கேள்வியிலேயே அவளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. "பாவி மனுஷா, வந்ததும் வராததுமா கஞ்சியா கேக்குற!" என்று அழுதுகொண்டே அகப்பையால் அவன் தோளில் நாலு போட்டாள். அவனும் அழுதான். பிறகு வலது காலைத் தூக்கி வாசற்படி மேல் வைக்கப் போனான்.

"காலை எடு!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

பெரியப்பா மகன் தெக்சியோஸ், மிக்கியோனின் நாற்காலியில், மிக்கியோனின் குளிர்காலப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பாதாம்பருப்பு உடைத்துத் தின்றுகொண்டிருந்தான். கொடிக்கம்பத்துக்குத் துணி சுற்றியதுபோல் ஒல்லியான ஆள்.

"அண்ணே, நான்தான். மிக்கியோன்."

"தெரியுது தம்பி. நல்லாத் தெரியுது. அதனாலதான் காலை எடுங்கறேன். செத்தவன் வாசப்படி தாண்டினா வீடு தீட்டாயிரும். இது இப்ப என் வீடு பாரு."

மெலித்தா மூக்கைச் சிந்திவிட்டு விவரம் சொன்னாள். கப்பல் போன செய்தி வந்ததும் ஊரே கூடி அவனுக்கு ஈமச்சடங்கு செய்தது. உடம்பு இல்லாததால் வெறும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை இல்லாத வீடு, ஆகவே வீடும் தோப்பும் நெருங்கிய ஆண் உறவான தெக்சியோஸுக்குப் போயின. வருகிற பௌர்ணமியன்று அவளையும் அவனுக்கே கட்டிவைப்பதாக அவளுடைய அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

"நீ என்ன சொன்னே?" என்றான் மிக்கியோன்.

"என்னை யாருய்யா கேட்டா? தோப்போட மரம் மாதிரி நானும் சேர்ந்து போறேன்."

பௌர்ணமிக்கு அதிக நாள் இல்லை. முந்தின நாள் அந்தியில்தான் பிறை தெரிந்ததாகப் படகுக்காரன் சொல்லியிருந்தான்.

தெக்சியோஸ் ஆள் அனுப்பிக் கல்லித்தெலஸை வரவழைத்தான். அல்முராவில் எந்தச் சடங்கை எப்படிச் செய்ய வேண்டும் என்று விதி சொல்பவர் கல்லித்தெலஸ்தான். பரம்பரைப் பதவி. ஊரில் யார் செத்தாலும் பலியாட்டில் ஒரு தொடை அவருக்கு. யார் பிறந்தாலும் ஒரு தொடை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஜனங்கள் எதற்காக இவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருக்குப் புரியாத ஒரே விஷயம்.

வெள்ளை ஆடையும் வெள்ளைத் தாடியுமாக வந்தவர், மிக்கியோனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு குடுவை மது கொண்டுவரச் சொன்னார். அதிலிருந்து தரையில் மூன்று சொட்டு விட்டார். அதன் பிறகுதான் அவன் பக்கம் திரும்பினார்.

"செத்தவங்ககிட்டப் பேசணும்னா மண்ணுக்கு மது ஊத்திட்டுத்தான் பேசணும். தப்பா நினைக்காதே."

"சாமி, நான் சாகலையே!"

மறுபடி மூன்று சொட்டு.

"அதை நீ சொல்லக் கூடாதுப்பா. உன் சடங்கை நடத்தினது யாரு? நான். உடம்பு இல்லாம ஒரு சாவுச் சடங்கை நடத்தறது எல்லாருக்கும் கைவராது. ஒப்பாரி சரியா இருந்துது. பலி சரியா இருந்துது. தொடை கொஞ்சம் வேகல, அது வேற விஷயம். உன் பேரை மூணு தடவை கூப்பிட்டேன். மூணு தடவையும் நீ பதில் சொல்லல."

"நான் தீவுல ஆடு மேச்சுக்கிட்டிருந்தேன் சாமி!"

மூன்று சொட்டு.

"அது உன் சொந்த விஷயம். இப்ப நீ உயிரோட இருக்கேன்னு சொன்னா, நான் செஞ்ச சடங்குல குறைன்னு ஆவுது. என் சடங்குல குறை இல்ல. அப்ப குறை எங்க இருக்கு? நீ மூச்சு விடறதுலதான் இருக்கு."

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று மிக்கியோன் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் குடுவையில் மீதியிருந்ததைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டு, தீர்ப்பு வரும்வரை அவன் தன் சொந்த இடத்தில் தங்கலாம் என்று பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார். சொந்த இடம் என்றால் கல்லறை.

ஊருக்கு வெளியே சாலையோரத்தில் இருந்தது அது. நடுகல்லைப் பார்த்ததும் மிக்கியோனுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. தெக்சியோஸ் சிற்பியிடம் விலைபோகாமல் கிடந்த ஒரு கல்லை வாங்கியிருந்தான். பெட்டியைத் திறந்து நகையை எடுத்துப் பார்க்கும் ஒரு சீமாட்டியின் உருவம். அவளுக்குத் தாடி மட்டும் பிற்பாடு செதுக்கியிருந்தார்கள்.

அங்கேதான் அவன் தங்கினான். மெலித்தா தினமும் கஞ்சிப் பானையோடு வந்தாள். செத்தவனுக்குப் படையல் வைப்பதை எந்த விதியும் தடுக்காது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பானையைக் கல்லின் முன் வைப்பாள். கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். சாலையில் போகிறவர்கள், புருஷன் கல்லறையை இவ்வளவு பக்தியோடு கவனிக்கிற விதவையை இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை என்று மெச்சிக்கொண்டு போனார்கள்.

"உப்புக் கம்மி," என்றது கல்லறை ஒரு நாள். அன்றைக்கு மெலித்தா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். உடனே அழவும் செய்தாள். "பௌர்ணமிக்குள்ள நீ உயிரோட வந்துருய்யா. அந்த ஆளுக்கு நான் பாதாம் உடைச்சுக் குடுத்துக்கிட்டு இருக்க முடியாது."

ஊர்க்கூட்டம் கூடியது. ஊர்த்தலைவர் ஒனேதோர் கனத்த உடம்பும் அதைவிடக் கனத்த குரலும் உடையவர். கல்மேடையில் ஏறி நின்று ஆரம்பித்தார்.

"அல்முராவாசிகளே! இந்த உலகத்துல ராஜா வச்சிருக்கிற ஊரெல்லாம் இருக்கு. அங்க ஒருத்தன் பேசுவான், மத்தவன் கேப்பான். நம்ம ஊரு அப்படியில்ல. இங்க யார் வேணா எழுந்து பேசலாம். பொம்பளைங்க, அடிமைங்க, வெளியூர்க்காரங்க, செத்தவங்க, இவங்களைத் தவிர எல்லாரும் பேசலாம்!"

பெரிய கைதட்டல். பழக்கதோஷத்தில் மிக்கியோனும் தட்டினான். பிறகு எழுந்து, "ஐயா, என்னைப் பத்தித்தானே பேசறீங்க, நான் ஒரு வார்த்தை..." என்றான்.

"யாரோ பேசற மாதிரி இருக்குதே," என்றார் ஒனேதோர்.

"காத்து," என்றான் தெக்சியோஸ்.

கல்லித்தெலஸ் எழுந்து வழி சொன்னார். இப்படிச் செத்துத் திரும்பினவர்களுக்குப் பழைய விதி ஒன்று இருக்கிறது. அவர்கள் மறுபடி பிறக்க வேண்டும். ஒரு பெண் பெற்றெடுக்க வேண்டும், குளிப்பாட்டித் துணியில் சுற்ற வேண்டும், பால் புகட்ட வேண்டும். ஐந்தாம் நாள் தகப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓட வேண்டும். பத்தாம் நாள் பெயர் சூட்ட வேண்டும். அதோடு தீட்டு விலகிவிடும். ஆட்டுத் தொடைகள் தனி.

"யார் பெத்துக்கறது?" என்று ஒருவன் கேட்டான்.

"பொண்டாட்டியே பெத்துக்கட்டும்," என்றான் இன்னொருவன்.

"அறிவிருக்கா உனக்கு? பெத்துக்கிட்டா அவ தாயாயிருவா. தாயோட எப்படிடா குடும்பம் நடத்துவான்? நாடகத்துல தாயைக் கட்டிக்கிட்ட ராஜா மாதிரி கண்ணைக் குத்திக்கணும்."

வெகுநேரம் விவாதித்தார்கள். கடைசியில் நிபுணத்துவ ஆலோசனைக்காகக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்த்தி வைத்திருந்த மருத்துவச்சி மிர்த்தலே கையைத் தூக்கினாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். மூன்று புருஷன்களைப் புதைத்தவள். சொந்தப் பிள்ளை இல்லை.

"நான் பெத்துக்கறேன். உங்களையெல்லாம் வெளிய இழுத்துப் போட்டதுக்கு எனக்குன்னு ஒண்ணு வேணாமா? அறுபது வயசுல தலைப்பிரசவம். ஹெரா தாயே, என் வயித்தைக் காப்பாத்து."

"தகப்பன்?" என்றார் ஒனேதோர்.

"நெருங்கின ஆண் உறவு. தெக்சியோஸ்," என்றார் கல்லித்தெலஸ்.

தெக்சியோஸின் முகம் தொங்கிவிட்டது. இவ்வளவு பாடுபட்டுச் செத்தவனை, தன் கையாலேயே உயிர்ப்பிப்பதா? கல்லித்தெலஸ் அவன் காதருகே குனிந்து விளக்கினார். குனிந்து பேசினாலும் கூட்டம் முழுவதற்கும் கேட்கிற குரல் அவருக்கு.

"பயப்படாதே. அவன் பொறந்தாலும் உன் புள்ளையாத்தான் பொறக்கறான். வீடு, தோப்பு எல்லாம் உன் கையிலதான். புள்ளை வயசுக்கு வர்ற வரைக்கும், அதுக்கப்புறமும் நீ உயிரோட இருக்கிற வரைக்கும். கல்யாணத்துக்கும் தடை இல்ல. மெலித்தா அவனுக்குச் சித்தியாயிருவா, அவ்வளவுதான். புள்ளை வேணாம்னு தோணினா, தகப்பன் தரையில இருந்து தூக்க வேண்டியதில்ல. மலையில விட்டுரலாம். உன் இஷ்டம்."

சந்தையில் இரண்டு மீன்களைத் தூக்கி எடை பார்ப்பவன் போலத் தெக்சியோஸ் சற்று யோசித்தான். மிக்கியோனின் தோள்களைப் பார்த்தான். ஒலிவ அறுவடைக்கு ஆள் தேவைப்படும்.

"தூக்கறேன்," என்றான் உருக்கமாக. "எவ்வளவுன்னாலும் என் ரத்தமாச்சே."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மிக்கியோனும் கை தூக்கியிருந்தான். அது எண்ணப்படவில்லை.

பிரசவம் மிக்கியோனின் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. பிறப்பதற்காகத்தான் என்பதால் வாசற்படியைத் தாண்ட அனுமதி கிடைத்தது, ஆனால் ஒரு போர்வையை மூடிக்கொண்டு. பிறக்காதவன் முகம் தெரியக் கூடாது. மிர்த்தலே பிரசவ நாற்காலியில் உட்கார்ந்து, அகலமான ஒரு அங்கியை விரித்துக்கொண்டு, இத்தனை வருடம் கேட்டுப் பழகிய அலறல்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அலறினாள். தெருப் பெண்கள் கையைப் பிசைந்தார்கள். மிக்கியோன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து அங்கிக்கடியில் நுழைந்து, காலை முன்னால் நீட்டி நகர்ந்து முன்பக்கம் வந்தான்.

"நில்லு!" என்றார் கல்லித்தெலஸ். "கால் முதல்ல வருது. அபசகுனம். திரும்பப் போ."

திரும்பப் போனான். அங்கி தாடியில் சிக்கிக்கொண்டது.

"சுகப்பிரசவம் ஆகிற மாதிரித் தெரியலையே," என்றாள் ஒருத்தி.

"டேய், தலையக் குனிடா எருமை!" என்று மிர்த்தலே உள்ளே கையை விட்டுக் காதைப் பிடித்து இழுத்தாள். மிக்கியோன் தலைகுப்புற வந்து தரையில் விழுந்தான்.

"ஆண் குழந்தை!" என்றார் கல்லித்தெலஸ் குனிந்து பார்த்துவிட்டு. "அழலையே?"

மிர்த்தலே கிள்ளினாள். அழுதான். உடனே வாசல் கதவில் ஒலிவ இலை வளையம் கட்டினார்கள். பெண் பிறந்தால் கம்பளி, ஆண் பிறந்தால் ஒலிவம். குளிப்பாட்டினார்கள். சுற்றிவைக்க வீட்டுத் துணி போதாமல் ஒரு மீனவனிடம் பழைய பாய்மரத் துணி வாங்கி வந்து, கழுத்திலிருந்து கணுக்கால் வரை கையைக் காலை அசைக்க முடியாமல் இறுக்கிச் சுற்றினார்கள். பஞ்சு ஒன்றைத் தேன் கலந்த ஆட்டுப் பாலில் முக்கி வாயில் வைத்தாள் மிர்த்தலே. அவளுடைய முரட்டுக் கை அப்போது மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது.

தெருப் பெண்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள்.

"மூக்கு அப்பனை உரிச்சு வச்சிருக்கு."

"தாடி மட்டும் யாரைக் கொண்டிருக்குன்னு தெரியல."

"அம்மா தாயே, என் மூக்கு சொறியுது, யாராவது..." என்றான் மிக்கியோன்.

"பாரேன், எவ்வளவு அழகா மழலை பேசுது!"

பிறந்த குழந்தை வாயிலிருந்து வருவது பேச்சல்ல, வெறும் சத்தம் என்று கல்லித்தெலஸ் விதி சொல்லியிருந்தார். செத்திருந்தபோதாவது மதுவை ஊற்றிவிட்டு ஒருவர் பதில் சொன்னார். உயிர் வந்த பிறகு அதுவும் போயிற்று என்று மிக்கியோன் நினைத்துக்கொண்டான்.

தெக்சியோஸ் கல்யாண ஏற்பாடுகளில் மும்முரமாக இருந்தான். அடுப்பைச் சுற்றும் சடங்குக்கு மறுநாளே பௌர்ணமி. ஒரே கல்லில் இரண்டு காய் என்று இரண்டுக்கும் ஒரே ஆட்டையே பிடித்துவந்து முற்றத்தில் கட்டியிருந்தான். அது ராத்திரி பகலாகக் கத்திக்கொண்டிருந்தது.

பாலூட்டும் செவிலியாக மெலித்தாவையே வைத்தார்கள், வீட்டில் வேறு யாரும் இல்லாததால். அவள் குழந்தைக்கு ஊட்டினாள். பார்லி ரொட்டி, பாலாடைக்கட்டி, அத்திப்பழம், உப்புக் கருவாடு, நெய்யப்பம் போல் எண்ணெயில் பொரித்துத் தேனில் முக்கிய பணியாரம், அதற்கு மேல் ஒரு பானை பருப்புக் கஞ்சி.

"போதும் மெலித்தா, வெடிச்சிருவேன்."

"பேசாம முழுங்கு. உன்னைத் தூக்கிக்கிட்டு அந்தக் கொக்கு மூணு சுத்து ஓடணும். மாப்பிள்ளைக்கு இடுப்பு ஒடிஞ்சா கல்யாணம் தள்ளிப்போகும். அதுக்குள்ள வேற வழி யோசிக்கலாம். இந்தா, இன்னொரு பணியாரம்."

"நீ என் சித்தி ஆயிருவியாமே."

"வாயில அடிப்பேன்."

ஐந்தாம் நாள் வந்தது. கூடம் நிறைய ஜனம். ஒனேதோர் ஒரு சிறிய உரை ஆற்றினார். நமது ஊரின் எதிர்காலம் குழந்தைகள் கையில் இருக்கிறது என்றார். எதிர்காலம் பாய்மரத் துணிக்குள் கிடந்து ஏப்பம் விட்டது.

விதிப்படி தெக்சியோஸ் ஆடையைக் களைந்துவிட்டு வெற்றுடம்பாக வந்து நின்றான். ஊர் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தது. குனிந்து, இரண்டு கையையும் குழந்தைக்கடியில் கொடுத்து, ஜீயஸை வேண்டிக்கொண்டு தூக்கினான். முழங்கால் வரை வந்தது. மூன்று பேர் கைகொடுத்துத் தோளில் ஏற்றினார்கள்.

முதல் சுற்றில் அவன் முகம் சிவந்தது. இரண்டாவது சுற்றில் நீலமானது. மூன்றாவது சுற்றில் என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"ஓடணும்! நடக்கக் கூடாது!" என்று கல்லித்தெலஸ் அடுப்பைச் சுற்றிப் பின்னாலேயே ஓடினார்.

"அண்ணே, இறக்கி விடுங்கண்ணே, செத்துப் போயிருவீங்க," என்றான் தோளிலிருந்த மிக்கியோன்.

"கொஞ்சுது பாரு, அப்பன் கிட்ட!"

"மூணாவது சுத்து முடிஞ்சுது! புள்ளை ஏற்கப்பட்டது!" என்று கல்லித்தெலஸ் கையை உயர்த்தினார். அந்தக் கணமே தெக்சியோஸின் கால்கள் இரண்டும் தனித்தனியே ஒவ்வொரு திசையில் போயின. தலை அடுப்புக்கல்லில் 'ணங்' என்று மோதியது. அவன் மல்லாந்து விழ, அவன்மேல் குழந்தை விழுந்தது.

அசைவில்லை.

மெலித்தாவும் மிர்த்தலேயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு பார்வை. மறுகணம் மெலித்தா கொண்டையை அவிழ்த்துவிட்டு, "ஐயோ போயிட்டீங்களே!" என்று அலறினாள். மிர்த்தலே அடுப்புச் சாம்பலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு மார்பில் அடித்தாள். "பெத்த புள்ளையக் கையில ஏந்தின மறுநிமிஷமே போயிட்டியே ராசா!" ஒப்பாரி என்றால் சேர்ந்துகொள்வதுதான் முறை. தெருப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

மிக்கியோனின் காது தெக்சியோஸின் மார்புமேல் இருந்தது. உள்ளே இதயம் கழுதைக் குளம்புபோல டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உயிர் இருக்குய்யா! அடிச்சுக்குது! தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினான்.

"குழந்தை பசிக்கு அழுது, யாராவது பார்க்கக் கூடாதா?" என்றார் ஒனேதோர்.

மெலித்தா அவனை உருட்டி ஓரமாகப் போட்டு, வாயில் பால் பஞ்சை அடைத்தாள். "ஆமாண்டா கண்ணு. அப்பா சாமிகிட்ட போயிட்டாரு."

கல்லித்தெலஸ் தயங்கினார் என்று சொல்ல முடியாது. ஒழுங்காக ஆரம்பித்த ஒரு ஒப்பாரியை வீணாக்குவது அவர் குணமல்ல. அதோடு முற்றத்தில் ஆடு தயாராகக் கட்டியிருந்தது. ஏற்கெனவே ஒரு தொடை வரவிருந்த ஆடு, இப்போது இன்னொரு தொடையும் சேர்ந்து கத்துவதுபோல் அவருக்குக் கேட்டது. தெக்சியோஸைக் கட்டிலில் கிடத்தி, பாதம் வாசலைப் பார்க்கத் திருப்பினார். கண்ணை மூடினார். பாதாளத்துப் படகுக்காரனுக்கென்று நாக்கின்மேல் காசு வைத்தார். எண்ணெய் பூசினார். அவருடைய வேகத்தைப் பார்த்து ஊரே வியந்தது.

"தெக்சியோஸ்!" என்று முதல் முறை கூப்பிட்டார்.

பதில் இல்லை.

"தெக்சியோஸ்!"

ஒரு விரல் அசைந்தது. மெலித்தா அதன்மேல் விழுந்து புரண்டு அழுதாள்.

"தெக்சியோஸ்! போய் வா!"

சடங்கு முடிந்தது.

"யாருடா என் வாயில காசு வச்சது?" என்று காசைத் துப்பிவிட்டுத் தெக்சியோஸ் எழுந்து உட்கார்ந்தான். தலையைத் தடவிக்கொண்டான். "என்ன எல்லாரும் அழுவுறீங்க? கல்யாணம் நாளைக்குத்தானே? சாமி, என்ன ஆச்சு?"

கல்லித்தெலஸ் மதுக் குடுவையை எடுத்தார். தரையில் மூன்று சொட்டு விட்டார்.

தெக்சியோஸ் அந்த மூன்று சொட்டுகளையும் பார்த்தான். அவன் முகத்தில் புரிந்ததற்கான அறிகுறி மெதுவாக, நெற்றியிலிருந்து கீழ்நோக்கி இறங்கியது.

"இல்ல," என்றான். "இல்ல சாமி. நான் உயிரோட இருக்கேன். பதில் சொன்னேன்ல?"

"மூணாவது அழைப்புக்கு அப்புறம் சொன்னேப்பா. முன்னாடி சொல்லியிருக்கணும்."

"மயங்கிக் கிடந்தேன்யா!"

மூன்று சொட்டு.

"அது உன் சொந்த விஷயம்."

"அந்தச் சடங்குல ஏதோ தப்பு நடந்திருக்கு!"

கல்லித்தெலஸ் தாடியை நீவிவிட்டுக்கொண்டார். "இந்தக் கேள்வி முன்னாடியே வந்து தீர்ந்து போச்சு. என் சடங்குல குறை இல்ல. ஊர்க்கூட்டத்துல கை தூக்கினாங்க. நீயும் தூக்கினே."

தெக்சியோஸ் ஊர்த்தலைவரிடம் ஓடினான். ஒனேதோர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "காத்து இன்னிக்கு அதிகமா இருக்கே," என்றார்.

அன்று சாயங்காலமே அவனைச் சாலையோரக் கல்லறைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இடம் காலியாகத்தான் இருந்தது. தாடி வைத்த சீமாட்டி அவனுக்கும் பொருத்தமாகவே இருப்பதாகச் சொன்னார்கள். வீடும் தோப்பும் இறந்தவனுடைய ஒரே மகனுக்குப் போயின. மாப்பிள்ளை இறந்துவிட்டதால் கல்யாணம் நின்றது. பச்சைக்குழந்தையை விட்டுச் செவிலி போகக் கூடாது என்பதால் மெலித்தா அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கல்லித்தெலஸ் விதி சொன்னார், இரண்டு தொடைகளையும் தோளில் போட்டுக்கொண்டு.

பத்தாம் நாள் பெயர் சூட்டினார்கள். என்ன பெயர் என்று தாயைக் கேட்டார்கள்.

"மிக்கியோன்," என்றாள் மிர்த்தலே.

"நல்ல பேரு. செத்துப்போன சொந்தக்காரங்க பேரை வைக்கிறது நம்ம வழக்கம்தான்," என்றார் கல்லித்தெலஸ்.

கொஞ்ச நாளில் போர்க்கப்பலுக்குத் துடுப்புப் போட ஆள் பிடிக்க நகரத்திலிருந்து முரசு தட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். தோப்பில் மரமேறிக் காய் உலுக்கிக்கொண்டிருந்த மிக்கியோனைக் காட்டி, அந்தத் தடியன் யார் என்று கேட்டான். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை என்று ஊரே ஒரே குரலில் சத்தியம் செய்தது. முரசுக்காரன் போன பிறகு, ஊரில் பல ஆண்கள் யோசனையோடு தங்கள் வீட்டு அடுப்புக்கல்லைப் பார்த்தார்கள். இரண்டொருவர் மெலிந்த பங்காளிகளைச் சாப்பாட்டுக்கு அழைத்ததாகவும் கேள்வி.

ஒரு மதியம் வீட்டு வாசலில், ஒலிவ வளையம் தொங்கும் கதவுக்கு வெளியே, படியில் கால் படாமல் தெக்சியோஸ் நின்றுகொண்டிருந்தான். இன்னும் மெலிந்திருந்தான்.

"தம்பி," என்று கூப்பிட்டான். பதில் இல்லை. "மவனே..." அதற்கும் பதில் இல்லை.

"அப்பா!"

மெலித்தா கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினாள்.

"கல்லித்தெலஸைக் கேட்டேன்," என்றான் தெக்சியோஸ் கெஞ்சலாக. "நானும் பொறந்துரலாமாம். என்னைத் தூக்கி அடுப்பைச் சுத்த நெருங்கின ஆண் உறவு வேணுமாம். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவன் தகப்பன் ஆகிற வயசுக்கு வரணுமாம். கொஞ்சம் சீக்கிரம் வளரச் சொல்லேன்."

உள்ளே கட்டிலில் ஒரு பானை கஞ்சி குடித்துவிட்டுக் குப்புறப் படுத்திருந்தவனின் குறட்டை, பாய்மரத்தில் காற்று அடைத்ததுபோல் கூடத்தை நிறைத்துக்கொண்டு வாசல் வரை வந்தது.

மெலித்தா உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"ஷ்... மெதுவாப் பேசு. குழந்தை தூங்குது."